மஞ்சளின் பொருள்: அடையாறிலிருந்து மியூனிக் வரை

ஐரோப்பிய அரூப ஓவியத்தின் வேர் இந்திய ஞானத்தில் இருக்கிறது என்ற கூற்று நம் கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கிறது. சான்றாகப் பெரும்பாலும் ஒரே நூலைக் காட்டுவார்கள்: சென்னை அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் 1905இல் வெளியிட்ட 'எண்ண வடிவங்கள்'. அரூப ஓவிய முன்னோடி காண்டின்ஸ்கி அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் படித்தவர். 1911 டிசம்பரில் மியூனிக்கில் வெளிவந்த 'கலையில் ஆன்மிகம் பற்றி' என்ற தம் நூலில், சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். தொடர்பு உண்மை. ஆனால் கைமாறிய பொருள் எது என்று கேட்டால் அந்தக் கூற்று நிற்காது.

'எண்ண வடிவங்கள்' நூலின் முகப்பில் 25 நிறங்களின் அட்டவணை உண்டு. உள்ளே ஒரு தேவாலயம் மூன்று முறை வரையப்பட்டிருக்கிறது. அங்கே வாசிக்கப்படும் மெண்டல்சன், கூனோ, வாக்னர் இசை, கூரைக்கு மேலே நிறக்கோடுகளாகவும் மலைத்தொடராகவும் எழுகிறது. இதற்கு ஆசிரியர்கள் துணைக்கு அழைப்பது உபநிடதத்தை அல்ல. அதிரும் தகட்டில் மணல் கோலமிடும் கிளாட்னியின் சோதனையையும், பாரிஸ் மருத்துவர் பராதுக்கின் ஒளிப்படங்களையும்தான். அடையாறு முத்திரையோடு ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் ஐரோப்பாவின் சொந்தச் சரக்கும் கலந்திருந்தது.

காண்டின்ஸ்கியும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அட்டவணையில் நீலம் பக்தி, மஞ்சள் அறிவு. அறிவு உயர உயர மஞ்சள் வெளிறித் தூய்மையாகும். காண்டின்ஸ்கிக்கு நீலம் வானுலகின் நிறம். இதுவரை ஒற்றுமை. மஞ்சளோ அவருக்கு மண்ணின் நிறம். பார்ப்பவரை நோக்கிப் பாய்வது, எக்காளம்போல் அலறுவது, ஆழம் கொள்ள இயலாதது. மஞ்சளையும் நீலத்தையும் எதிரெதிர் முனைகளாக நிறுத்தும் முறையை 1810லேயே கதே தம் நிறக் கோட்பாட்டில் வகுத்துவிட்டார். இசையை நிறமாகக் காணும் அனுபவமும் காண்டின்ஸ்கிக்கு நூலிலிருந்து வரவில்லை. மாஸ்கோவில் வாக்னரின் 'லோயன்கிரின்' இசை நாடகத்தைக் கேட்டபோதே வாய்த்தது. ஓவியத்தில் பொருள்களின் உருவம் தேவையில்லை என்று துணிய பிரம்மஞானம் அவருக்குத் தைரியம் கொடுத்தது. நிறங்களின் இலக்கணத்தை அவரே எழுதிக்கொண்டார்.

இந்தியத் தரப்பிலும் பிரம்மஞானக் கருத்துகளுக்கு எல்லாரும் தலையாட்டவில்லை. சென்னை வழக்கறிஞர் டி. சுப்பாராவ், மனிதனை ஏழு கூறுகளாகப் பிரிக்கும் பிளாவட்ஸ்கியின் பகுப்பை 1887இல் சபையின் 'தி தியாசபிஸ்ட்' இதழிலேயே எதிர்த்தார். தாரக ராஜயோகம் என்ற யோக மரபின் நான்குகூற்றுப் பகுப்பே பொருத்தமானது என்று வாதிட்டார். மறு ஆண்டு சபையை விட்டு விலகினார். 1890இல் இளம் வயதிலேயே இறந்தார். ஐரோப்பாவில் பரவியது அவர் மறுத்த ஏழுகூற்றுப் பகுப்புதான்.

கலை வரலாற்றில் இந்தியாவின் பங்கு என்று எழுதும்போது பிளாவட்ஸ்கியையே இந்தியாவின் குரலாக எடுத்துக்கொள்கிறோம். அவர் வாழ்ந்த காலத்திலேயே அவரை மறுத்துப் பேசிய சுப்பாராவை விட்டுவிடுகிறோம். இது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. அந்த விவாதம் முழுவதும் அச்சில் இருக்கிறது. காண்டின்ஸ்கியிடம் இந்தியாவைத் தேடும் ஆய்வாளர்கள் முதலில் அந்த 1887ஆம் ஆண்டு இதழ்களைப் படிக்க வேண்டும்.