உணவும் உருவும்: பேராக் தோட்டப்புறக் காட்டுப்பன்றியின் வரலாறு

தொல்காப்பிய மரபியல் ஆண் யானையைக் களிறு என்கிறது. அதனையடுத்து, ஆண் பன்றியையும் அப்பெயரால் வழங்குவதற்குத் தடையில்லை என்கிறது. வகுப்பில் இந்நூற்பாவை விளக்கும்போது மாணவர் சிரிப்பதுண்டு. யானைக்கும் பன்றிக்கும் ஒரே பெயரா என்று அவர்கள் கேட்பது இயல்பே. தினைப்புனத்தில் இரவெல்லாம் மேய்ந்து கொழுத்த கேழல் ஒன்றை நேரில் கண்டவர் அவ்வாறு கேட்கமாட்டார்.

அந்நூலே கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தின் பின் உணவையும், உணவின் பின் விலங்கையும் வைக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். இது செய்யுளுக்குரிய இலக்கணம். இதனை விலங்கியல் நூலாக வலிந்து பொருள்கொள்வது முறையாகாது. ஆயினும், ஒரு விலங்கு எவ்வளவு பெரிதாக வளரும் என்ற வினாவுக்கு நிலம், பொழுது, உணவு ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு இன்றைய அறிவியலாலும் விடைகூற இயலாது.

பிறவி மரபும் உருவை வரையறுக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒரே மரபில் வந்த விலங்கின் உருவம் உணவினால் எவ்வளவு மாறும் என்பதற்கு அலாஸ்காவை ஒட்டிய செயின்ட் மேத்யூ தீவு தெளிவான சான்று. 1944இல் அங்கே 29 கலைமான்கள் விடப்பட்டன. எவரும் மேயாத பாசி நிலம். வேட்டை விலங்குகளும் இல்லை. 1957இல் டேவிட் கிளைன் என்னும் ஆய்வாளர் சென்றபோது அவை 1,350 ஆகப் பெருகியிருந்தன; வீட்டுமந்தைக் கலைமான்களைவிட எடை மிக்கவையாகவும் இருந்தன. 1963இல் எண்ணிக்கை 6,000. ஆனால் பாசி தேய்ந்துபோனதால், அந்த ஆறே ஆண்டுகளில் வளர்ந்த ஆண் மானின் எடை 43 விழுக்காடும் பெண் மானின் எடை 38 விழுக்காடும் குறைந்திருந்தன. 1966இல் எஞ்சியவை 42. முன்னோர் மாறவில்லை, தீனி மாறியது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். மலாயாவின் மழைக்காடு பார்வைக்குச் செழிப்பானது. தரையில் மேயும் விலங்குக்கோ அது அத்துணை வளமான இடமன்று. கனத்த மழை மண்ணின் சத்தைக் கரைத்துச் செல்கிறது. இலையும் கனியும் பெரும்பாலும் நூறடிக்கு மேலே, குரங்குக்கும் பறவைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கின்றன. காட்டின் பெருமரங்களில் பல ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து, பின் மீண்டும் அடங்கிவிடுகின்றன. இடைப்பட்ட காலம் பஞ்சகாலம். சபாவில் 1999–2000இல் அத்தகைய பஞ்சம் நேர்ந்தபோது தாடிப்பன்றிகளும் கரடிகளும் எலும்பும் தோலுமாக அலைந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். தமிழகத்திலும் இலங்கையிலும் புல்மேடுகளில் மேயும் மிளா, நம் காட்டு மிளாவைவிட உருவில் பெரிது. கிளையினம் வேறு என்பது உண்மையே, புல்லும் வேறு.

பேராக்கில் காடு தோட்டமாகிய கதை 1877இல் தொடங்குகிறது. அவ்வாண்டு கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. அதன்பின் வந்த தோட்டங்களும் அவற்றில் பால்மரம் வெட்டிய நம் முன்னோரும் பலமுறை எழுதப்பட்ட வரலாறு. நாம் இங்குக் கேட்பது வேறு: காட்டுப்பன்றிக்கு ரப்பர்த் தோட்டம் என்ன கொடுத்தது?

மிகக் குறைவே கொடுத்தது. தொடக்ககாலத் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் இல்லாமல் களை எடுத்து, மண்ணை வெறுமையாக வைத்திருந்தனர். ரப்பர்க் கொட்டை வெடித்துச் சிதறும் பருவத்தில் சிறிது தீனி கிடைக்கும். அக்கொட்டையிலும் நஞ்சு உண்டு. ஆதலால் பன்றி நாடியது லயத்துக்குப் பின்னிருந்த காய்கறிக் கொல்லையையே. அரிசி வரத்து அற்றுப்போன ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மரவள்ளிக் கிழங்கே பசியாற்றிய உணவு. அக்கிழங்கைப் பன்றி தோண்டினால் குடும்பம் பட்டினி கிடக்கும். தகரத்தைத் தட்டி இராக்காவல் இருந்தோரின் அச்சம், சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்தோர் அறிந்த அச்சமே. ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கில் நிலைமை இன்னும் மோசம். ஈயம் எடுத்தபின் எஞ்சிய வெண்மணற் பரப்பில் பன்றிக்கு மட்டுமன்று, பயிருக்கும் ஒன்றுமில்லை.

மாற்றம் செம்பனையோடு வந்தது. 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வணிகப் பயிராகத் தொடங்கிய செம்பனை, 1960களுக்குப் பின் ரப்பரின் இடத்தைப் பிடிக்கலாயிற்று. சுங்காய், பீடோர், சுங்கை சிப்புட் வழியே இன்று பயணம் செய்வோர் காண்பது பெரும்பாலும் அதையே. செம்பனைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் குலை தள்ளும். ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை குலை வெட்டும்போது எண்ணெய் மிகுந்த உதிரிப் பழங்கள் தரையில் சிந்துகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்தும் இடையில் பஞ்சமுமாக வாழ்ந்த விலங்குக்கு, ஓயாத பந்தி விரிந்தது. முதற்பொருளில் ஒன்றாகிய பொழுதே அதற்கு அற்றுப்போயிற்று எனலாம்.

இவ்விடத்தில் உருவம் எண்ணிக்கையாக மாறுகிறது. பெண் பன்றி முதன்முதலாகச் சூல்கொள்ளும் காலத்தை அதன் வயதைவிட உடல் எடையே மிகுதியாகத் தீர்மானிக்கிறது. நன்கு உண்டது விரைவில் வளரும், விரைவில் ஈனும், ஓர் ஈற்றில் குருளைகளும் மிகும். இதன் விளைவை முறையாக அளந்தவர்கள் பேராக்கில் அல்லர், நெகிரி செம்பிலானில் பாசோ காப்புக்காட்டில் ஆய்ந்தோர். அக்காட்டை மூன்று புறமும் செம்பனை சூழ்ந்துள்ளது. புலி அங்கே அற்றுப்போயிற்று. 1996இல் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 47 பன்றிகளும், 1998இல் 27 பன்றிகளும் இருந்ததாகக் காலன் இக்கஸ் கணக்கிட்டார். இயற்கைக் காட்டில் எதிர்பார்க்க இயலாத நெருக்கம் அது.

ஈனும் முன் தாய்ப்பன்றி இளமரக் கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் குவித்துக் கூடு அமைக்கும். ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான கன்றுகள் தேவை. 2017இல் மேத்யூ லஸ்கினும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, 24 ஆண்டுகளில் பாசோவின் இளங்கன்றுகளது அடர்த்தி 62 விழுக்காடு குறைந்தது. அவர்கள் ஆய்ந்த பகுதி, தோட்ட எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், கோடரி படாத காட்டின் உட்புறம். தோட்டத்துப் பழத்தைத் தின்ற விலங்கு, தோட்டத்தின் விளைவைக் காட்டுக்குள் சுமந்து சென்றிருக்கிறது.

ஆகவே, பன்றி மிகுந்திருப்பதைக் கண்டு காடு நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது பிழை. இப்பிழையை நாமும் செய்திருக்கிறோம். செம்பனை எல்லா விலங்குக்கும் உணவன்று. புல்லையும் தழையையும் நம்பியிருக்கும் மிளா அருகிப்போனதால், அதனையும் கேளையாட்டையும் வேட்டையாடுவதற்கு 2009இல் தீபகற்ப மலேசியாவில் தடை விதிக்கப்பட்டது. மிளாவை இரையாகக் கொண்ட புலி, 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 150க்கும் குறைவு. அதே தோட்டங்களால் பன்றி பெருகிய காலமும் இதுவே.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது பால்மரம் வெட்டியவர்களில் பலருக்கு வேலை இல்லாமற்போயிற்று. அவர்களுடைய பிள்ளைகள் ஈப்போவின் புறநகர்களில் குடியேறினர். லயங்கள் இடிக்கப்பட்டன, அவை நின்ற இடத்திலும் செம்பனை நிற்கிறது. மரவள்ளிக் கொல்லை இருந்த பக்கமாக இன்று விடியற்காலையில் சென்றால், உதிர்ந்த பழங்களைச் சுற்றி மண்ணில் பதிந்த குளம்படிகளைக் காணலாம்.