பரண் இல்லாத வீட்டுப் பொருட்கள்

அன்றாடத்தின் அருங்காட்சியகம் குறித்துச் சில குறிப்புகள்

1

அரியலூர் என்ற பெயர் முதலில் கற்களின் வழியாகத்தான் இலண்டன் போய்ச் சேர்ந்தது. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களில் பொறுக்கிய கல்லாய்ப்போன கிளிஞ்சல்களையும் நத்தைகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்து எழுதினார். பிறகு நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்ட் வந்தார். 1862-ல் வெளியான அவருடைய அறிக்கை இந்த மண்ணை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தது. எங்கோ ஒரு நாட்டில் நிலவியல் படிக்கிற மாணவருக்கு இன்றைக்கும் அரியலூர் என்பது ஒரு பாறை அடுக்கின் பெயர். அங்கே பஸ் ஸ்டாண்டு உண்டு, சந்தை உண்டு, சேரி உண்டு என்பது அவருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமான கல்மரம் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவு செய்தார். வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. இதெல்லாம் வேண்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஏழு கோடி வருஷத்துக்கு முந்தின நத்தைக்கு இடம் இருக்கிற பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில், எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பண்ணையாள் எதில் கஞ்சி குடித்தார் என்று காட்டும் ஓர் அலமாரி இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. இயற்கையின் வரலாறு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. அரசர்களின் வரலாறு கங்கைகொண்டசோழபுரத்தில் விமானமாக நிற்கிறது. நடுவில் இருக்கிற சனம் எந்தப் பொருளாக நிற்கிறது?

2

அன்றாடப் பொருளைச் சேகரிக்கிறவர்களை நாம் கிறுக்கர்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். அது நியாயமில்லை. புனேயில் தினகர் கேல்கர் என்று ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடி வியாபாரம், கொஞ்சம் கவிதை. 1920 வாக்கில் பழம்பொருள் சேர்க்க ஆரம்பித்து ஆயுள் முழுக்கச் சேர்த்தார். சின்ன வயதில் இறந்துபோன மகன் ராஜாவின் பெயரை அந்த அருங்காட்சியகத்துக்கு வைத்தார். நான் அங்கே போனபோது அதிக நேரம் நின்றது பாக்குவெட்டிகளுக்கு முன்னால்தான். குதிரை வடிவில், கிளி வடிவில், ஆணும் பெண்ணும் தழுவிய வடிவில். விளக்குகள், சீப்புகள், மைக்கூடுகள். ராஜாவின் வாளைப் பார்த்தால் கை சும்மா இருக்கும். பாக்குவெட்டியைப் பார்த்தால் விரல் தானாக மடங்குகிறது. பொருளின் வரலாறு உடம்புக்குள் நுழைகிற இடம் இது. மன்னர் வரிசையை மனப்பாடம் செய்கிற வரலாற்றுக்கு எதிராகக் கேல்கர் செய்தது ஒரு கலகம் என்றே சொல்வேன்.

அகமதாபாத்தில் சுரேந்திர பட்டேல் 1981-ல் தொடங்கிய ‘விசார்’ பாத்திர அருங்காட்சியகமும் இப்படித்தான். எவர்சில்வர் வந்ததும் வீடுவீடாகப் பித்தளையும் செம்பும் உருக்குப் பட்டறைக்குப் போயின. உலைக்குப் போகவேண்டியவற்றை அவர் ஆயிரக்கணக்கில் காப்பாற்றி வைத்தார். நம் தெருக்களிலும் அதே காலத்தில் அதே பரிமாற்றம் நடந்தது. சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர் பழைய பித்தளையை எடைபோட்டு வாங்கிப் போனார். அதில் ஒரு பகுதி உருகியது. ஒரு பகுதி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு மாதிரியான பழம்பொருள் கடைகளுக்குப் போனது. அங்கிருந்து நட்சத்திர ஹோட்டல்களின் வரவேற்பறைக்கு. அடுப்படியில் இருந்தவரை அண்டா. அடுப்படியை விட்டு வெளியேறிய பிறகு ‘பாரம்பரியம்’.

சேகரிப்பவரின் கையில் பொருள், பயன்பட்டே ஆகவேண்டும் என்கிற அடிமைவேலையிலிருந்து விடுபடுகிறது என்ற கருத்தில் வால்டர் பெஞ்சமின் எழுதியிருக்கிறார். அழகான சிந்தனை. ஆனால் அந்தப் பொருளோடு சேர்ந்து அடிமைவேலை பார்த்த ஆள் எப்போது விடுபட்டாள் என்ற கேள்வி நம்முடையது. அதை நாம்தான் கேட்டாக வேண்டும்.

3

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி, கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். பெரிய உழைப்பு. செட்டிநாட்டு வீட்டின் தூணை அம்மா தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். உரலைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இதையா காசு குடுத்துப் பாக்க வந்தோம்?”

“ஏம்மா, அழகா இல்லியா?”

“அழகுதான். இதுல ஒரு மரக்கா கம்பு குத்தி எடுத்தவ தோள்பட்டையைக் கேளு, அழகு தெரியும். மில்லு வந்தன்னிக்கு உரலைக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி உக்காந்தோம். அதுக்கப்புறம் அதைத் தேடவே இல்ல.”

கொஞ்ச தூரம் போனபிறகு அம்மாவே மறுபடி ஆரம்பித்தார்: “எங்க மாமனோட கொட்டாங்குச்சி இருந்தா இங்க வப்பாங்களா? டீக்கடைக் கூரையில சொருகியிருக்கும். குடிச்சுட்டுக் கழுவி அங்கயே சொருகிட்டு வரணும்.”

அம்மாவின் இரண்டு பேச்சும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை. பழையதை நினைத்து ஏங்குவது எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. பித்தளைக் குடத்தைப் பார்த்து ஏங்குகிறவர் பெரும்பாலும் அதற்குப் புளி போட்டுத் துலக்காதவர். தேய்ந்தவளுக்கு எவர்சில்வர் ஒரு விடுதலை. பிளாஸ்டிக் குடம் இடுப்புக்கு ஒரு விடுதலை. இந்த நிம்மதியைப் பதிவுசெய்கிற அருங்காட்சியகத்தை நாம் இன்னும் கற்பனை செய்யவில்லை.

இன்னொன்று, பொருள் தங்குவதற்கே ஒரு வர்க்கம் வேண்டியிருக்கிறது. பழம்பொருள் என்றால் நூறு வருஷம் அதை யாரோ எங்கோ வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். வைத்திருக்கப் பரண் வேண்டும், பத்தாயம் வேண்டும், பூட்டுகிற அறை வேண்டும். தேக்கு வீட்டைக் கழற்றி எண் போட்டு மறுபடி பூட்டலாம். மண்சுவரும் பனையோலையுமான குடிசையைக் கழற்றினால் என்ன மிஞ்சும்? மட்பாண்டம் உடையும், ஓலைப்பெட்டி மக்கும், அலுமினியத் தட்டு நசுங்கி இரும்புக்கடைக்குப் போகும். ஆவணக் காப்பகத்தில் அடித்தட்டு மக்களின் குரல் கேட்பதில்லை என்று பேசுகிறோமே, பொருட்களின் காப்பகத்திலும் அதே மௌனம்தான். யாரும் திட்டமிட்டு அழிக்கவேண்டிய தேவையில்லாமலேயே அது நடந்துவிடுகிறது.

4

தப்பிப் பிழைத்த பொருளும் வாயைத் திறப்பதில்லை. மரக்காலையும் படியையும் எடுத்துக்கொள்வோம். பித்தளைப் பூண் போட்ட படி இன்றைக்கு நடுத்தர வர்க்கத்து வீட்டு மேசையில் பேனா வைக்கிற கூடு. கல்யாணத்தில் நிறைநாழி. அருங்காட்சியகத்தில் ‘பழங்கால முகத்தல் அளவை’ என்று ஒரு வரி.

சோழர் என்றதும் எங்க பக்கம் கோபுரத்தைக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆட்சி குடியானவனின் களத்துமேட்டைத் தொட்டது அளவைகளின் வழியாக. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளக்கும் மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர்; அது ‘ராஜகேசரி’ மரக்காலுக்குச் சமம் என்ற குறிப்பும் உண்டு. ஒன்று கடவுள் பெயர், மற்றது அரசன் பெயர். இறைவனும் இறையும் (வரி என்ற பொருளில்தான் சொல்கிறேன்) ஒரே பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் பாத்திரம் அண்மைக் காலம் வரை கூலியின் நீதிமன்றமாக இருந்தது. வாங்குற மரக்கா ஒண்ணு, கூலிக்கு அளக்குற மரக்கா ஒண்ணு என்று எங்க பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் ஒரு குடும்பத்தின் ராத்திரிச் சோறு இருந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்த கோரிக்கைகளில் ஒன்று, கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கொடு என்பது. அந்த அரைப்படியை நினைத்துக்கொண்டு அலமாரியில் இருக்கிற படியைப் பாருங்கள். அது பழங்கால அளவை மட்டும்தானா? 1956-ன் எடை, அளவைகள் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்து படியை அதிகாரபூர்வமாக ஓய்வுக்கு அனுப்பியது. லிட்டருக்கும் கிலோவுக்கும் அரசன் பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை. நம் இலக்கியவாதிகள் இதை மரபின் இழப்பு என்று எழுதுகிறார்கள். களத்துமேட்டில் நின்று பார்த்தால், அளக்கிறவன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாத ஓர் அளவு வந்தது என்றும் எழுதலாம்.

5

குவளைக்கு வருவோம். உலோகத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு தனியே எழுதப்படவேண்டிய வரலாறு. தீட்டுப் பட்டால் உலோகத்தைக் கழுவிப் புழங்கலாம், மண்பாண்டத்தை உடைத்துப் போடவேண்டும் என்பது வைதீக ஆசாரம். எனவே பொதுப் பாத்திரம் என்ற எண்ணமே இந்தச் சமூகத்துக்கு அந்நியம். 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். விலை மலிவு, எடை குறைவு. அது ஏழைகளின் உலோகமானது. உலோகம் எல்லாருக்கும் கிடைக்க ஆரம்பித்தபோது, எந்த உலோகம் யாருக்கு என்ற புதிய வரிசையும் வந்தது. ஒரு பெஞ்சில் கண்ணாடி டம்ளர், வெளியே அலுமினிய டம்ளர், அதுவும் இல்லாத இடத்தில் கொட்டாங்குச்சி.

இது சின்ன விஷயமென்றால் நாடாளுமன்றம் இதைப் பற்றிப் பேசியிருக்காது. 1955-ன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் நான்காவது பிரிவு, உணவகங்களில் பொதுமக்களுக்காக வைக்கப்பட்ட பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 1976-ல் அந்தச் சட்டத்துக்கே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. ஒரு டம்ளர் குடியுரிமையின் அளவுகோலாக எழுதப்பட்ட நாடு இது. அந்த டம்ளரை எந்த அலமாரியில் வைத்திருக்கிறோம்? பிற்காலத்தில் சில ஊர்களில் தூக்கியெறியும் கப்பே இரட்டைக் குவளையின் வேலையைச் செய்ததைக் களஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. தடயமே மிஞ்சாத பாத்திரம். சாதி தன் சாட்சியத்தைத் தானே குப்பையில் போடக் கற்றுக்கொண்டது.

6

அப்படியானால் அருங்காட்சியகமே வேண்டாமா? நான் அந்தக் கட்சியில் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் கூடச் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்தபின் 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. இன்று சென்னையில் அது ஆய்வு நூலகம். யாரும் மதிக்காத துண்டுத்தாள் இல்லாவிட்டால் தமிழ்ச் சமூக வரலாற்றின் எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்காது.

கேப்டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதியை 1966-ல் வெள்ளையருக்கானதென அறிவித்து அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். வீடுகளை இடித்த வேலையில் இருந்த ஒருவரே தெருப் பெயர்ப்பலகைகளை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். 1994-ல் திறந்த அருங்காட்சியகத்தில் அவை தொங்குகின்றன. தரையில் விரித்த வரைபடத்தில் பழைய குடியிருப்பாளர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதுகிறார்கள். போபாலில் 2014-ல் உயிர்தப்பியவர்களின் முயற்சியில் திறக்கப்பட்ட நினைவகத்தில், அவர்கள் கொடுத்த பொருட்களும் குரல்களும் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் பொருளின் அழகு முதலில் வரவில்லை. யாருடையது, எப்படிப் பறிபோனது என்பது முதலில் வந்தது.

நம் பக்கத்தில் 1956 நவம்பர் 23 விடிகாலையில் சென்னையிலிருந்து தூத்துக்குடி போன ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். வரலாற்றில் மிஞ்சியது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியின் ராஜினாமா; தேர்தல் மேடையில் மிஞ்சியது துணை அமைச்சர் அழகேசனின் பெயர். ஆற்று மணலில் கிடந்திருக்கக்கூடிய டிரங்குப் பெட்டிகளும் தூக்குவாளிகளும் யார் நினைவிலும் இல்லை.

ஆகவே என் யோசனை எளிமையானது. பெரம்பலூர், அரியலூரில் பள்ளிக்கூட ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இந்தப் பத்திரிகை வாசிக்கிற தோழர்கள் இருக்கிறார்கள். ஓர் அறை போதும். களைக்கொத்து, கூலி அளந்த படி, சின்ன வெங்காயம் அள்ளின கூடை, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தபோது வந்த காகிதம், அலுமினிய டம்ளர். மிஞ்சாத பொருளுக்கு வெறும் இடம் விட்டு, அங்கே அதைப் பயன்படுத்தியவரின் சொல்லை எழுதிவையுங்கள். ஒவ்வொரு பொருளின் கீழும் பெயர், காலம் என்ற இரண்டு வரியோடு இன்னும் மூன்று வரி வேண்டும்: இதை யார் செய்தது, யார் கழுவியது, யார் தொடக்கூடாது என்றிருந்தது. மூன்றாவது வரியை எழுத ஊரில் எதிர்ப்பு வரும். வரட்டும். எந்தத் தெருவிலிருந்து, எந்தப் பொருளைக் குறித்து வருகிறது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அந்த அறையில் வைக்கவேண்டியதுதான்.