ஆகாசத்தில் முறைத் தண்ணீர்

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து போகிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களோ? ஒரே தண்ணீர் இரண்டாகிப் போவதைக் கரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் 2012-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் நான் போனபோது அந்தக் காட்சிக்குக் கொடுத்து வைக்கவில்லை. வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி வந்து போய்விட்டது, மேட்டூரைத் திறக்கவில்லை. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது.

ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, வெற்றிலையும் சீவலுமாக ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்தவர்களில் இரண்டு பேர் விமானிகள். ஒருவர் எனக்கு அத்தான் முறை. பழைய இந்தியன் ஏர்லைன்ஸில் காப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவன் அவருடைய தங்கை மகன். ஒரு தனியார் கம்பெனியில் துணை விமானி. ஏர் இந்தியா விமானிகளின் வேலை நிறுத்தம் அப்போது ஐம்பது நாளை நெருங்கிக் கொண்டிருந்தது. மாமாவும் மருமகனும் அதைப் பற்றிப் போட்ட சண்டையில் எனக்கு உண்ட மயக்கம் தெளிந்துவிட்டது.

"சம்பளத்துக்காகவா சண்டை போடுகிறார்கள் என்று நினைக்கிறீர்?" என்றார் அத்தான், என்னைப் பார்த்து. "எல்லாம் வரிசைக்காக!"

வரிசை என்று அவர் சொன்னது மூப்புப் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு விமானியின் பெயர் எத்தனையாவதாக இருக்கிறதோ, அதுதான் அவன் ஜாதகம். துணை விமானி எப்போது காப்டன் ஆவான், சின்ன விமானமா பெரிய விமானமா, லண்டனா மதுரையா, தீபாவளிக்கு லீவு உண்டா இல்லையா, எல்லாம் அதைப் பார்த்துத்தான். வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுகிறார்களே, அந்த மாதிரி. தஞ்சாவூர்ச் சீமையில் தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் நடந்திருக்கிற சண்டைகளை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டு வாய்க்காலை ஒன்றாக வெட்டிவிட்டால் முறை யாருக்கு முதலில்? அதுதான் கேள்வி. நம் நாட்டில் இந்தக் கேள்வி புதிதல்ல.

1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தார். அப்புறம் உலக யுத்தம் வந்தது, போயிற்று. யுத்தத்தில் மிஞ்சிய டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. கையில் பணமிருந்தவர்கள் விமானக் கம்பெனி ஆரம்பித்தார்கள். சர்க்காரும் கேட்டவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தது. பிரயாணிகள்தான் அவ்வளவு பேர் இல்லை. அம்பிகா ஏர்லைன்ஸும், சென்னையிலிருந்து ஓடிய ஜூபிடர் ஏர்வேஸும் நாற்பதுகள் முடிவதற்குள்ளேயே மூடுவிழா நடத்திவிட்டன. 1950-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் ஒரு கமிட்டி உட்கார்ந்து, கம்பெனிகள் அதிகம், வரும்படி கொஞ்சம் என்று கண்டது. கடைசியில் 1953 ஆகஸ்டு 1-ஆம் தேதி சர்க்காரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அயல் நாட்டுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல். டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா முதலான எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். அதாவது காவிரி ஒன்று, குடமுருட்டி ஒன்று.

இப்படி அரை நூற்றாண்டுக்கு மேல் தனித்தனியாக ஓடிய இரண்டையும் 2007-இல் ஒன்றாக்கினார்கள். அதற்குச் சற்று முன்புதான் இரண்டுக்குமாக 111 புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள்: ஏர் இந்தியாவுக்கு 68 போயிங், இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43 ஏர்பஸ். கடன் மலையாக ஏறிற்று. விமானங்களையும் கடனையும் ஒரே நாளில் கூட்டிவிட்டார்கள். விமானிகளின் பட்டியலைக் கூட்டவில்லை. தாலி கட்டின பிறகு ஜாதகம் பார்க்க உட்கார்ந்த கதைதான். இந்த விவகாரத்தில் என் கோபமெல்லாம் அங்கேதான். வேலை நிறுத்தம் செய்தவர்கள் மேல் எனக்கு அத்தனை கோபம் வரவில்லை.

2011 ஏப்ரல் கடைசியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் பத்து நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஏர் இந்தியாக்காரர்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மறு வருஷம் மே மாதம் ஏர் இந்தியாக்காரர்களின் முறை. போயிங் 787 என்ற புதிய விமானம் 27 வாங்க ஏற்பாடாகியிருந்தது. இணைப்புக்கு முன்பே எங்களுக்கென்று வாங்கிய விமானம். அதில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஆட்களுக்கு எப்படிப் பயிற்சி தரலாம் என்றார்கள். இதுதான் நாங்கள் ஆற்றங்கரையில் பேசிக்கொண்டிருந்த வேலை நிறுத்தம்.

"ஒரே கம்பெனி ஆயிற்று, அப்புறம் உன் விமானம் என்ன, என் விமானம் என்ன?" என்று அத்தான் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டார்.

"சரி மாமா, உங்கள் ஆட்கள் ஏர்பஸ்ஸில் சீக்கிரமே காப்டன் ஆகிவிட்டார்கள். அங்கே பெரிய விமானத்தில் வருஷக்கணக்காகத் துணை விமானியாகவே உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? உங்கள் ஆள் நேரே வந்து அவனுக்கு மேலே உட்கார்ந்தால் பொறுப்பானா?"

அத்தான் பதில் சொல்லவில்லை. பையன் கொஞ்ச நேரம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் இருக்கட்டும் மாமா. இதோ, ஆற்றைப் பாருங்கள். தண்ணீர் வந்தால்தானே முறை?"

எனக்குச் சுருக்கென்றது. பையன் பயந்தது தன் பிழைப்பைப் பற்றி. ஏர் இந்தியாவுக்காவது, 2021 வரை சுமார் 30,000 கோடி ரூபாய் போடுவதாக அந்த வருஷம் ஏப்ரலில்தான் சர்க்கார் ஒப்புக்கொண்டிருந்தது. தனியார் கம்பெனிக்கு யார் போடுவார்கள்? கம்பெனி திவாலானால் வேறு கம்பெனி. அங்கே பட்டியலில் கடைசிப் பெயர். கடைமடைக்கும் கடைமடை.

வேலை நிறுத்தம் 58 நாள் நடந்து, டில்லி ஹைகோர்ட் தலையிட்டு, ஜூலை 3-ஆம் தேதி முடிந்தது. நூறு பேர் போல வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். பையனுடைய பயமும் வெறும் பிரமையல்ல. அதே வருஷம் அக்டோபரில் கிங்ஃபிஷரின் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏர் டெக்கானை விழுங்கிய கம்பெனி அது. ஏர் சஹாராவை 1,450 கோடிக்கு வாங்கிய ஜெட் ஏர்வேஸ், 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசி விமானத்தை ஓட்டியது. அதைச் சீர்படுத்த ஐந்து வருஷம் முயன்று பார்த்து, 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கலைத்துவிட உத்தரவு போட்டது. இணைந்தால் பிழைக்கலாம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு கதையையும் படிக்க வேண்டும்.

ஏர் இந்தியாவோ 2022 ஜனவரி 27-ஆம் தேதி டாட்டாக்களிடமே திரும்பிப் போயிற்று. அங்கே மறுபடியும் இணைப்பு! 2024 வசந்தத்தில், ஏர் இந்தியாவோடு சேரவிருந்த விஸ்தாராவில், புதிய சம்பளத் திட்டம் வந்தது. மாதத்துக்கு 70 மணிக்கு உறுதியாக இருந்த சம்பளம் 40 மணிக்குத்தான் உறுதி என்றார்கள். விமானிகள் பலர் உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துவிட, ஏராளமான விமானங்கள் ரத்தாயின.

அந்த வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி விஸ்தாரா ஏர் இந்தியாவில் கலந்தது. அன்று சாயங்காலம் அத்தான் டெலிபோன் செய்தார். எண்பது வயதை நெருங்குகிறவர்.

"பட்டியலை எப்படிப் போட்டார்களாம்? தெரியுமா உமக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு எங்கே தெரியும்! மருமகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஓட்டுகிறானாம். அங்கே போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பெயர். இப்போது நடுவாந்தரத்துக்கு வந்திருக்கிறானாம்.

"ஊருக்குப் போயிருந்தீரா? ஆற்றில் தண்ணீர் போகிறதா?" என்று கேட்டார்.

"போகிறது அத்தான்."

"குடமுருட்டியிலும்?"

"அதிலும் போகிறது" என்றேன்.