கொட்டகை, பள்ளி, பால்மரக்காடு: பெடாஸ் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சி

நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் மாவட்டத்துப் பெடாஸை இன்று பலரும் சுடுநீர் ஊற்றுக்காகவே அறிவர். ரப்பர் கோலோச்சிய நாளில் இவ்வட்டாரத் தமிழரில் பெரும்பாலோர் தோட்ட லயங்களில் வாழ்ந்தனர். அங்கே பிள்ளைப் பருவத்தைத் தோட்டமே மூன்றாக வகுத்து வைத்திருந்தது: ஆயாக் கொட்டகை, தோட்டப் பள்ளி, பால்மரக்காடு. உளவியலாளர் ஜான் பியாஜே (1896–1980) வகுத்த அறிவு வளர்ச்சிப் படிகளை இவற்றோடு ஒட்டிப் பார்த்தால், பிள்ளையின் மனத்துக்குரிய எல்லை எது, தோட்டம் போட்ட எல்லை எது என்பது தெளிவாகிறது.

விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு. பால் வெட்டப் புறப்படும் தாய் கைக்குழந்தையைக் கொட்டகையில் விட்டுப் போவாள். காட்டு வேலைக்கு உடல் இடம் கொடுக்காத மூதாட்டியே பெரும்பாலும் ஆயா. முதல் இரண்டாண்டில் குழந்தை புலன்களாலும் அசைவுகளாலுமே உலகை அறிகிறது என்றார் பியாஜே. மறைந்த பொருளும் இருந்துகொண்டே இருக்கிறது என்பது அதற்கு மெல்லத்தான் பிடிபடும் என்பது அவர் கருத்து. ஆனால் அந்த அறிவு சில மாதக் குழந்தையிடமே தென்படுவதை ரெனே பாயார்ஜோன் 1980களில் நடத்திய சோதனைகள் காட்டின. கொட்டகைப் பிள்ளைக்குக் குறை அதில் இல்லை. முகம் பார்த்துப் பேசப் பெரியவர்களுக்கு நேரமில்லை என்பதுதான் குறை. இடுப்பில் தூக்கித் திரிந்த அக்காமார் அதை ஓரளவு ஈடுகட்டினர்.

பள்ளி சட்டத்தால் வந்தது. நெகிரி செம்பிலானும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கட்டடத்துக்குச் சட்டம் இருந்தது. கற்பித்தலுக்கு அக்கறை இல்லை. கணக்கெழுதும் கிராணியோ வேலை வாங்கும் கங்காணியோ ஓய்வு நேரத்தில் வாத்தியாராகிவிடுவதும் உண்டு. எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ் என்பதால் பெரிய பிள்ளைகளே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். பிள்ளை தனியாகச் செய்ய முடியாததைக் கூடத் தெரிந்தவர் துணையோடு செய்யும் என்ற உளவியலாளர் வைகோட்ஸ்கியின் கருத்துக்கு இங்கே வறுமையே வழிவிட்டது.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் காட்டுக்குப் போவர். பால் வடியும் மங்கைத் துடைப்பார்கள், ஒட்டுப்பால் பொறுக்குவார்கள், மங்கிலிருந்து வாளிக்குப் பால் ஊற்றுவார்கள். ஏழெட்டு வயதில் பிள்ளைக்கு வாய்க்கும் அறிவாகப் பியாஜே சொன்னது, கலம் மாறினாலும் நீர்மத்தின் அளவு மாறாது என்பது. மங்கும் வாளியுமாக அதைத் தினமும் கண்டவர்கள் இவர்கள். அதற்கு அடுத்த பாடத்தைப் பாலை நிறுக்கும் ஸ்டோர் கற்பித்தது. மழைநீர் கலந்தால் பாலின் எடை கூடும். ஆனால் மாதிரி எடுத்து உலர் ரப்பரின் விழுக்காடு பார்க்கும்போது அது குறைந்துவிடும். புதுப்பாலில் உலர் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எடையையும் விழுக்காட்டையும் சேர்த்தே கூலியை நினைக்க வேண்டும். விகிதச் சிந்தனை என்கிற இதைத்தான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1955இல் குமரப் பருவத்தின் அடையாளமாக எண்ணினர். தாய் ஸ்டோரில் போடும் கணக்கைப் பக்கத்தில் நின்று கேட்ட பிள்ளை அதைத் தாளில் எழுதிக் காட்டியிருக்காது. ஆனால் தண்ணீர் கலந்து ஆதாயமில்லை என்று அதற்குத் தெரியும்.

குமரப் பருவச் சிந்தனை ஏறத்தாழ 11, 12 வயதில் தொடங்குகிறது என்பது பியாஜேயின் கணக்கு. தோட்டப் பள்ளி முடிந்ததும் அந்த வயதில்தான். பெண் பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க வீட்டோடு நிற்கும். ஆண் பிள்ளை பால்மர நிரைக்கு வேலைக்குப் போகும். தோட்டப் பள்ளி தொழிலாளியின் பிள்ளையை மீண்டும் தொழிலாளியாக்கும் கருவி என்று கல்வியாளர் டி. மாரிமுத்து வாதிட்டது இதனால்தான். இந்த வாதத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பிள்ளைகளின் அறிவு அந்த வயதோடு நின்றுவிடவில்லை, அதற்கு எழுத்து வடிவம் கொடுக்கும் வாய்ப்புத்தான் நின்றது. முறைசார் சிந்தனை எல்லோரிடமும் எல்லாத் துறையிலும் ஒரே வயதில் தோன்றாது, தொழிலையும் பழக்கத்தையும் பொறுத்து வேறுபடலாம் என்று பியாஜேயே 1972இல் திருத்திக்கொண்டார். தோட்டப் பிள்ளையை 'மந்தம்' என்று தள்ளியவர்களுக்கு அந்தத் திருத்தம் எட்டவில்லை.

விடுதலைக்குப் பிறகு மேற்படிப்புக்கு வழி திறந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப்பள்ளிக்கு முன் புதுமுக வகுப்பில் ஓராண்டு மலாய்மொழி பயில வேண்டும் என்றாயிற்று. அருவக் கருத்துகள் முளைவிடும் வயதிலேயே அவற்றுக்கான சொற்களும் மாறின. அந்த ஓராண்டைத் தாண்ட முடியாமல் படிப்பை விட்டவர்கள் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தபின் கொட்டகையின் இடத்தில் பாலர் பள்ளி வந்தது. புதுமுக வகுப்பு மட்டும் அதே வயதில் நிற்கிறது.