புதுக்கோட்டை சைக்கிளும் ஒரு தப்புக் கணக்கும்

எங்கள் குடியிருப்பில் 'பசுமை வாரம்' என்று ஒன்று நடத்தினார்கள். வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்கு சைக்கிளில் போக வேண்டும், போனவர்கள் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். முதல் வாரம் பதினோரு படங்கள் வந்தன. மூன்றாவது வாரம் ஒன்று, அதுவும் என்னுடையது. நாலாவது வாரம் நானும் போடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டை நினைவுக்கு வந்தது. பதினோரு பேரை மூன்று வாரம் சைக்கிளில் ஏற்ற முடியாத நாட்டில், ஒரு லட்சம் பெண்கள் ஓரிரு வருடங்களில் சைக்கிள் பழகியிருக்கிறார்கள். அது எப்படி நடந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். இந்தக் குறிப்பு அதன் விளைவு.

கதை சைக்கிளில் தொடங்கவில்லை, எழுத்தில் தொடங்குகிறது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியைப் பார்த்துப் பல மாவட்டங்கள் கிளம்பின. புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள், மாவட்ட நிர்வாகம், ஊர் ஊராக இளைஞர்கள், எல்லோரும் சேர்ந்த வேலை. சம்பளம் கிடையாது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சொல்லிக் கொடுத்தவர்களிலும் பெண்கள் நிறைய.

அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் பாடத்திட்டத்தில் சேர்த்தது அவர் காலத்தில்தான். அதன் பின்னால் இருந்த யோசனை எளிமையானது. நினைத்த இடத்துக்குத் தானாகப் போய்வர முடியாத பெண்ணுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்? கையெழுத்துப் போடத் தெரிந்தும், வங்கிக்குப் போக இன்னொருவர் கூட வர வேண்டும் என்றால் அந்தக் கையெழுத்தால் என்ன பயன்? நடைமுறைக் காரணமும் இருந்தது. தொண்டர்களே வகுப்புக்கு வகுப்பு பல மைல் போக வேண்டியிருந்தது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

இதை நாட்டுக்குச் சொன்னவர் பி. சாய்நாத். 1996-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற வறட்சிப் புத்தகத்தில் புதுக்கோட்டை சைக்கிளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுவிட்டால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் கால்வாசிக்கு மேல் சைக்கிள் பழகியிருந்தார்கள் என்கிறார். எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் பொது இடத்தில், நாலு பேர் பார்க்க, ஓட்டிக் காட்டும் போட்டிகளில் கலந்துகொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஒரு கடையில் பெண்கள் சைக்கிள் விற்பனை ஒரே வருடத்தில் 350 சதவீதத்துக்கு மேல் ஏறியது. (இந்த அத்தியாயத்தின் இந்தி வடிவம் என்சிஇஆர்டி எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இருந்தது. வட இந்தியப் பிள்ளைகள் புதுக்கோட்டையைப் படித்திருக்கிறார்கள். நான் படித்த காலத்தில் எங்கள் பாடநூலில் இல்லை!)

எனக்கு மிகவும் பிடித்த விவரம் இன்னொன்று. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியே வாங்கினார்கள். காரணம், முன்னால் இருக்கும் பார். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

என் சித்தி அந்த மாவட்டத்துக்காரர். 92-இல் அவருக்கு இருபத்தைந்து, இரண்டு பிள்ளைகள். போனில் கேட்டேன்.

"சித்தி, நீங்க சைக்கிள் கத்துக்கிட்டது எப்படி?"

"எப்படின்னா, விழுந்துதான்டா. கம்மாக்கரைல பத்துப் பேரு ஒண்ணா விழுவோம். ஒருத்தி மட்டும் விழுந்தா ஊரு சிரிக்கும். பத்துப் பேரு விழுந்தா யாரு சிரிக்கிறது?"

"உங்களால எவ்ளோ கார்பன் மிச்சமாச்சுன்னு கணக்கு போடலாம்னு இருக்கேன்."

"கார்பன் பேப்பரா?"

அந்தக் கணக்கைப் போட்டேன். போடாமல் இருந்தால் நான் சாஃப்ட்வேர்காரன் இல்லையே. ஒரு மொபெட் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தினம் 10 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 3000 கிலோமீட்டர், 60 லிட்டர், 138 கிலோ. ஒரு லட்சம் பேருக்கு 13,800 டன். எக்ஸெலில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கே புல்லரித்தது. தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அப்புறம் சித்தி சொன்னது உறைத்தது. "மொபெட்டா? நாங்க நடந்துல்ல போனோம்."

கணக்கே தப்பு. அந்தப் பெண்கள் மொபெட்டை விட்டுவிட்டு சைக்கிளில் ஏறவில்லை. நடையை விட்டு ஏறினார்கள். தண்ணீர்க் குடம், விறகு, பிள்ளையின் பள்ளிக்கூடம், கல்குவாரி, எல்லாமே அதுவரை காலால் போன இடங்கள். கொஞ்சம் பஸ் பயணம் குறைந்திருக்கும், ஆனால் அந்த பஸ் எப்படியும் ஓடியிருக்கும். மிச்சமான கார்பன் ஏறக்குறைய பூஜ்யம். கறாராகப் பார்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே. சுமார் 20 கிலோ எடையுள்ள சைக்கிள் கிட்டத்தட்ட முழுவதும் எஃகு, ஒரு கிலோ எஃகு செய்ய ஏறத்தாழ 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஆளுக்கு 40 கிலோ கூடத்தான் செய்தது.

ஆக, இந்த நாட்டின் மிகப் பெரிய சைக்கிள் இயக்கங்களில் ஒன்று, கார்பன் கணக்கில் நஷ்டம். இரண்டு நாள் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி திறக்கக் காரணம், கிடைத்தது என்ன என்று பார்த்ததுதான். 6 கிலோமீட்டர் தூரத்தை நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். சைக்கிளில் அரை மணிக்குள். நடக்கும்போது செலவாகும் அதே சக்தியில் மூன்று மடங்கு தூரம் போகலாம். (எஸ்.எஸ். வில்சன் 1973-இல் சயின்டிஃபிக் அமெரிக்கனில் எழுதிய கட்டுரையில் மீன், பறவை, குதிரை, ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, சைக்கிளில் போகும் மனிதனே சிக்கனத்தில் முதலிடம் என்று காட்டினார். ஸ்டீவ் ஜாப்ஸ் கம்ப்யூட்டரை மூளைக்கான சைக்கிள் என்று சொன்னது இதை வைத்துத்தான்.) பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லாமல் ஒரு பெண்ணின் நாளில் இரண்டு மணி நேரம் திரும்பி வந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரமும், பஸ்ஸுக்காக அண்ணன் தம்பியைக் கெஞ்சும் நேரமும் அதில் சேர்த்தி. காய்கறி, கீரை விற்பவர்கள் ஒரு ஊருக்குப் பதில் நாலு ஊர் போனார்கள்.

எங்கள் பசுமை வாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே என்று இப்போது ஓரளவு புரிகிறது. நாங்கள் ஆளுக்கொரு சைக்கிளில் தனித்தனியாகப் போனோம், போட்டோவில் மட்டும் சேர்ந்தோம். அவர்கள் சேர்ந்து விழுந்தார்கள். பெண் சைக்கிளில் போனால் கேலி பேசும் ஊர், அறிவொளி சைக்கிள் என்றதும் வாயை மூடிக்கொண்டது. எங்களுக்கு அது தியாகம், அவர்களுக்கு லாபம். தியாகத்தை மூன்று வாரத்துக்கு மேல் யார் செய்வார்கள்?

ஆனால் லாபத்துக்காக வந்த பழக்கம், அதைவிடப் பெரிய லாபம் வந்தால் போய்விடும். போகவும் செய்தது. ஓசூரில் 1980-இலேயே டிவிஎஸ் 50 வந்துவிட்டது. தொண்ணூறுகளில் ஸ்கூட்டி வந்தது. அரசும் இரண்டு பக்கமும் நின்றது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லோருக்குமானது. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 92-இல் சைக்கிள் கொடுத்த அதே விடுதலையைத்தான் ஸ்கூட்டரும் கொடுத்தது, வேகமாக. காரில் போகும் நான் அதற்கு கார்பன் பாடம் எடுப்பது அசிங்கம்.

பீகார் இதற்கு நல்ல ஒப்பீடு. அங்கே 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு சைக்கிள் திட்டம் வந்தது. முரளீதரன், பிரகாஷ் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி அந்தப் பருவத்துப் பெண்களின் பள்ளிச் சேர்க்கை 32 சதவீதம் கூடியது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அங்கேயும் யாரும் கார்பனை நினைக்கவில்லை.

சித்தி சைக்கிளை விட்டது ஸ்கூட்டரால் அல்ல. ரோட்டை அகலப்படுத்தினார்கள், லாரி வேகம் கூடியது, ஓரத்தில் இருந்த மண் பாதை போனது. 2009 வாக்கில் ஒரு நாள் காற்று தள்ளியே விழப் போனாராம். அதோடு சரி. தனியாக விழுவதில் அவருக்கு இஷ்டமில்லை. சைக்கிள் இன்னும் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது, டயர் இல்லாமல்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த கணக்கை அதை வைத்துப் போடலாம் என்று இருக்கிறேன். பாதி காலியாக ஓடிய பஸ் நிரம்பினால், தலைக்கு ஆகும் டீசல் குறையும் இல்லையா? சித்தியிடம் சொன்னேன்.

"பஸ்ஸு சும்மாதான் ஏத்துறாங்க, நல்லதுதான். ஆனா எங்க ஊருக்கு வர்றது காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அன்னிக்கும் மூணு, இன்னிக்கும் மூணு. அத மொதல்ல கணக்குல எழுது."

எழுதிக்கொண்டேன்.