ஐப்பசி மழையில் துணி காயலையா? எந்த டிரையர் உங்க வீட்டுக்கு சரிவரும்... வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பவானியில் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் துணி காயவைப்பது ஒரு பிரச்சினையே இல்லை. மொட்டை மாடியிலோ பொடக்காளியிலோ கொடி கட்டிப் போட்டால் சித்திரை வெயிலுக்கு மதியத்துக்குள் எல்லாம் காய்ந்துவிடும். ஆடி மாதம் என்றால் காற்றே காயவைத்துவிடும். கிளிப் போடாவிட்டால் துணியைப் பக்கத்து வீட்டில்தான் தேட வேண்டும்.

சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஈரோடு மாவட்டத்தில் வருஷத்துக்கே சுமார் 700 மி.மீ. மழைதான். ஆனால் அதில் பெரிய பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் தினமும் இரண்டு வேளை குளித்து வேட்டி மாற்றுவதும் அந்த நாட்களில்தான். பள்ளி யூனிஃபார்ம், கைக்குழந்தை துணி, படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் போர்வை எல்லாம் சேர்ந்தால் வீடு முழுக்க ஈரத்துணி, கூடவே ஊறல் வாடை.

‘பேசாம ஒரு டிரையர் வாங்கிடலாமா?’ என்ற பேச்சு அப்போதுதான் வருகிறது. வாங்கலாம். ஆனால் எந்த வகை, எத்தனை மாதம் ஓடும், கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று பார்க்காமல் வாங்கினால், தை பிறந்ததும் அதன் மேல் துணி மடித்து வைக்கும் பெட்டியாகத்தான் அது நிற்கும்.

முதல் குழப்பம்: எது டிரையர்?

நம் ஊரில் ‘டிரையர்’ என்றால் பலருக்கும் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் இருக்கும் இரண்டாவது தொட்டிதான். அது உண்மையில் ஸ்பின்னர். துணியை வேகமாகச் சுற்றி, தண்ணீரை வெளியே தள்ளுகிறது. வெப்பம் கிடையாது. துணி சொட்டாது, ஆனால் ஈரம் இருக்கும். கொடியில் போட்டே ஆக வேண்டும்.

டம்பிள் டிரையர் வேறு இயந்திரம். பார்க்க ஃபிரன்ட் லோடு வாஷிங் மெஷின் மாதிரி இருக்கும். டிரம் மெதுவாகச் சுற்றும்போது சூடான காற்று உள்ளே போய், துணியில் உள்ள தண்ணீரை ஆவியாக்கி எடுத்துவிடும். வெளியே எடுத்தால் அப்படியே மடித்து வைக்கலாம். கடையில் கேட்கும்போது இந்த இரண்டில் எது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

டம்பிள் டிரையரில் என்னென்ன வகை?

வென்டட்: ஹீட்டர் காயில் காற்றைச் சூடாக்கும். ஈரக்காற்று ஒரு குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடும். அமைப்பு எளிது, விலையும் குறைவு. ஆனால் சுவரிலோ ஜன்னலிலோ குழாய்க்கு வழி வேண்டும். வழி இல்லாமல் அறைக்குள்ளேயே விட்டால், துணியில் இருந்த ஈரம் முழுக்க சுவரில் ஏறி பூஞ்சை பிடிக்கும்.

கண்டென்சர்: இதிலும் ஹீட்டர்தான். ஆனால் ஈரக்காற்றை வெளியே விடாமல் உள்ளேயே குளிர்வித்து, தண்ணீராக்கி ஒரு டேங்கில் சேர்க்கும். குழாய் தேவையில்லை. டேங்கை அவ்வப்போது காலி செய்ய வேண்டும். ஓடும்போது அறை நன்றாகச் சூடாகும்.

ஹீட் பம்ப்: ஏ.சி.யில் இருப்பது போன்ற கம்ப்ரசரும் வாயுவும் இதில் உண்டு. ஒருமுறை உண்டாக்கிய வெப்பத்தை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். அதனால் கரண்ட் பாதிக்கும் குறைவாகவே ஆகும். குறைந்த சூட்டில் காய்வதால் துணியும் அதிகம் பாழாகாது. ஆனால் ஒரு தடவை காய 2 முதல் 3 மணி நேரம் ஆகலாம், விலையும் மற்றவற்றைவிட அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் அமலான புதிய விதிகள், புதிதாகச் சந்தைக்கு வரும் டிரையர்களை இந்த வகைக்கே தள்ளிவிட்டன.

வாஷர்-டிரையர்: துவைப்பதும் காயவைப்பதும் ஒரே மெஷினில். இடம் மிச்சம். ஆனால் 8 கிலோ துவைக்கும் மெஷின் பெரும்பாலும் 5 அல்லது 6 கிலோவைத்தான் காயவைக்கும். துவைத்ததில் பாதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் காயவைக்க வேண்டியிருக்கும். சில மாடல்கள் ஆவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையும் செலவழிக்கும். தண்ணீர் லாரி வாங்கும் வீடு என்றால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

இங்கேதான் கணக்கு தேவை. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். இது இயற்கை விதி, எந்த பிராண்டு ஹீட்டராலும் இதைக் குறைக்க முடியாது. ஹீட்டர் உள்ள டிரையரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், ஒரு கிலோ தண்ணீருக்குத் தோராயமாக 1 யூனிட்.

5 கிலோ துணி துவைத்து ஸ்பின் செய்தபின் அதில் 3 கிலோ தண்ணீர் மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வென்டட் அல்லது கண்டென்சரில் அதைக் காயவைக்க சுமார் 3 யூனிட். ஹீட் பம்பில் சுமார் 1.3 யூனிட்.

வாரம் 4 தடவை ஓட்டினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 35 தடவை. ஹீட்டர் வகைக்கு 105 யூனிட், ஹீட் பம்புக்கு 45 யூனிட். தமிழ்நாட்டில் 2016-ல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அதாவது அந்த அளவை டிரையர் ஒன்றே தின்றுவிடும். அதோடு பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் ஸ்லாப் முறை இருப்பதால், டிரையரின் யூனிட்டுகள் உங்கள் பில்லின் விலை உயர்ந்த கடைசிப் படியில்தான் போய் உட்காரும்.

அப்படியானால் ஹீட் பம்ப்தான் லாபமா?

அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன கணக்குப்படி ஹீட் பம்ப் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் மிச்சப்படுத்துகிறது. கடைசிப் படியில் யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 480 ரூபாய்.

பவானி மாதிரி ஊரில் மழைக்கால 3 மாதம் மட்டும் ஓட்டினால் வருஷத்துக்கு மிச்சம் 720 ரூபாய்தான். ஹீட் பம்புக்கும் வென்டட்டுக்கும் விலை வித்தியாசம் 25,000 ரூபாய் என்றால், அதை எடுக்க 34 வருஷத்துக்கும் மேல் ஆகும். மெஷின் அவ்வளவு நாள் உழைக்காது.

அதே ஹீட் பம்பை, மாடியில் கொடி கட்ட அனுமதி இல்லாத கோவை அபார்ட்மென்ட்டில் வருஷம் பூராவும் ஓட்டினால் மிச்சம் 2,880 ரூபாய். சுமார் 9 வருஷத்தில் வித்தியாசம் தேறிவிடும். ஆக, ஒரே மெஷின் ஒரு வீட்டுக்கு லாபம், இன்னொரு வீட்டுக்கு நஷ்டம். வருஷத்தில் எத்தனை நாள் ஓடும் என்பதுதான் முடிவு செய்கிறது. கடைக்காரர் சொல்லும் விலையையும் உங்கள் வீட்டு பில்லில் உள்ள கடைசிப் படி விலையையும் போட்டு இதே கணக்கைப் பார்க்கலாம்.

செலவில்லாத வழி: ஸ்பின்

ஈரத்தைச் சூட்டால் எடுப்பதைவிடச் சுற்றி எடுப்பது பல மடங்கு மலிவு. 800 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றினால் 5 கிலோ காட்டன் துணியில் சுமார் 3.5 கிலோ தண்ணீர் மிஞ்சும். 1,400-ல் சுற்றினால் சுமார் 2.5 கிலோ. அந்த ஒரு கிலோ வித்தியாசம் டிரையரில் ஒரு யூனிட், கொடியில் சில மணி நேரம்.

அதனால் டிரையர் வாங்கும் முன் வாஷிங் மெஷினில் ஸ்பின் வேகத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்பின் தொட்டியை அமுக்கி நிரப்பாமல், இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். மழைக்கால அவஸ்தையில் பாதி இதிலேயே தீரலாம்.

அடுத்தது ஃபேன். 75 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் அதில் பாதிகூட ஆகாது. ஸ்டாண்டில் துணிக்குத் துணி இடைவெளி விட்டு, ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து ராத்திரி ஓட்டினால் மெல்லிய துணிகள் காலையில் காய்ந்திருக்கும். ஜன்னலை மூடிவிட்டால் ஈரம் அறைக்குள்ளேயே சுற்றும், பலன் இருக்காது.

ஜமுக்காளத்தை டிரையரில் போடலாமா?

வேண்டாம். 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளம் தடித்த நூலில் நெய்தது. நனைந்தால் அதன் கனத்தை வீட்டு டிரையரின் டிரம் தாங்காது. சுருண்டு ஒரே பக்கம் சேர்ந்து மெஷினை உலுக்கிவிடும். மேல்பக்கம் காய்ந்ததும் சென்சார் நின்றுவிடும், உள்மடிப்பு ஈரமாகவே இருக்கும். ஜமுக்காளத்தை மழைக்கு முன்பே துவைத்து, கைப்பிடிச் சுவரில் விரித்துப் போட்டுக் காயவைத்து எடுத்து வைப்பதுதான் நல்லது.

பட்டுச் சேலை, ஜரிகை வேட்டி, கம்பளி, எலாஸ்டிக் அதிகம் உள்ள துணிகளையும் போடக் கூடாது. புதிய காட்டன் சட்டை ஒரு சைஸ் சுருங்க வாய்ப்பு உண்டு. துணியின் லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம். உள்ளே ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி என்றால் சாதாரண சூடு. மேலே பெருக்கல் குறி இருந்தால் போடவே கூடாது.

தீ பிடிக்குமா?

கவனிக்காவிட்டால் பிடிக்கும். துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி ஃபில்டரில் சேரும். அது நிறைந்தால் காற்று தடைபட்டு உள்ளே சூடு ஏறும். பஞ்சு சீக்கிரம் பற்றிக்கொள்ளும். அமெரிக்க தீயணைப்பு நிர்வாகம் 2008-2010 காலத்துக்கு எடுத்த கணக்கில், அந்நாட்டு வீடுகளில் டிரையரால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். சுத்தம் செய்யாமல் விட்டதுதான் அதில் முதல் காரணம்.

ஒவ்வொரு தடவை ஓட்டியதும் ஃபில்டரைக் கையால் துடைத்து எடுக்க வேண்டும். வென்டட் குழாய்க்கு பிளாஸ்டிக் வேண்டாம், வளைவு குறைவான உலோகக் குழாய் போதும். அதைக் கிச்சன் சிம்னி குழாயோடு சேர்க்கவே கூடாது.

நம் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை, எண்ணெய். சமையல் எண்ணெய் துடைத்த துணி, எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு போன்றவை துவைத்தபின்னும் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். சூடான துணிகளைக் குவித்து வைத்தால் அந்த எண்ணெய் தானாகவே சூடேறிப் பற்றக்கூடும். இவற்றைக் கொடியிலேயே காயவிடுங்கள். மெஷின் கடைசியில் துணியைக் குளிரவைக்கும் நேரத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். யாரும் வீட்டில் இல்லாதபோதும் தூங்கும்போதும் ஓட்ட வேண்டாம்.

வயரிங் தாங்குமா?

ஹீட்டர் டிரையர் 2,000 முதல் 2,500 வாட் வரை இழுக்கும். தனி 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் தானே நிற்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகக் கூடாது. கீசரும் டிரையரும் ஒரே லைனில் இருந்தால் சேர்த்து ஓட்டக் கூடாது. பழைய வீடு என்றால் மெஷின் வருவதற்கு முன்பே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. குளியலறைக்குள் வைக்க வேண்டாம்.

சுருக்கமாக, யாருக்கு எது?

மாடி அல்லது முற்றம் இருக்கிறது, மழை மாதங்களில் மட்டும் சிரமம்: நல்ல ஸ்பின், ஸ்டாண்டு, ஃபேன் போதும்.

கைக்குழந்தை அல்லது படுக்கையில் பெரியவர் இருக்கிறார், மழையில் தினமும் துணி காய்ந்தே ஆக வேண்டும்: வென்டட். குழாய்க்கு வழி இல்லாவிட்டால் கண்டென்சர்.

வெயிலே படாத அபார்ட்மென்ட், வருஷம் முழுக்க ஓடும்: ஹீட் பம்ப்.

இரண்டு மெஷினுக்கு இடமில்லை, வீட்டில் இரண்டு மூன்று பேர்தான்: வாஷர்-டிரையர். காயவைக்கும் கிலோ எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த வகை எடுத்தாலும் கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு தடவை ஓட எத்தனை யூனிட்? எத்தனை நேரம்? காய்ந்ததும் தானே நிற்கும் சென்சார் இருக்கிறதா, இல்லை டைமர் மட்டுமா? சர்வீஸ் ஆள் உங்க ஊருக்கே வருவாரா? பதில் திருப்தி என்றால் மட்டும் பில் போடச் சொல்லுங்கள்.