அருப்புக்கோட்டை டிடிபியும் பழைய எக்ஸ்பியும்

அருப்புக்கோட்டையில் என் டிடிபி கடைக் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. ஜிஎஸ்டி பில்லும் வாட்ஸ்அப்பும் அதில்தான். அதற்குள்ளேயே விர்ச்சுவல் மெஷினாக ஒரு விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. அதில் பேஜ்மேக்கர் 7. திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடிப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் காதணி விழா அழைப்புகளும் மாசிக் களரி என்ற குலதெய்வத் திருவிழாவின் நோட்டீஸ்களும் இன்றும் அங்கேதான் உருவாகின்றன.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை 1985-ல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-ல் வந்த 7.0 பதிப்போடு வளர்ச்சி நின்றுவிட்டது. ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்த எங்கள் தொழில் அந்த மென்பொருளை நம்பித்தான் மாறியது. டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, சிவகாசிக்குப் பஸ்ஸில் கொடுத்துவிட்ட காலம் அது.

சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. அன்றைய தமிழ் ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரிசை. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு, க, கால் என்று தாளில் தெரிகிற வரிசையிலேயே மூன்று துண்டாகப் பதியும். யூனிகோடில் முதலில் ‘க’, பிறகுதான் உயிர்க்குறி. அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் பழைய பத்திரிகையைத் திறந்தால் தாய்மாமன் பெயர் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். 1999-ல் தமிழக அரசு டாப், டாம் குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010 ஜூனில் யூனிகோடுக்கு வந்தது. அதற்குள் எங்கள் ஹார்டு டிஸ்குகள் பழைய கோப்புகளால் நிரம்பிவிட்டன.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. புதுக் கணினிகளில் வருவது 64 பிட் விண்டோஸ். 16 பிட் காலத்து நிரல்கள் அதில் ஓடவே ஓடாது. எங்களைக் காப்பாற்றியது ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்ற பெயரில் அறிமுகப்படுத்திய யோசனை: ஒரே பெரிய கணினி, ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணினி போல நடந்துகொள்ளும். 1999-ல் விஎம்வேர் அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007-ல் ஜெர்மனியின் இன்னோடெக், அதே வேலையைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸை வெளியிட்டது. இப்போது அது ஆரக்கிளிடம் இருக்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் என் எக்ஸ்பிக்கு 512 எம்பி ரேம், 10 ஜிபி டிஸ்க் போதும். பாதுகாப்பு கருதி இணையத்தை அதற்குக் கொடுப்பதில்லை. வேலை முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கி, ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளியே எடுக்கிறேன். எக்ஸ்பி, ஃபாண்ட், பாதியில் நிற்கும் வேலை எல்லாம் சேர்ந்து ஒரே விடிஐ கோப்பு. அதை விர்ச்சுவல்பாக்ஸ் உள்ள வேறு கணினியில் போட்டுத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதைவிட நல்ல ஏற்பாடு இந்தத் தொழிலுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

இத்தனை பாடும் எதற்கு? ஒரு களரி நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். குலதெய்வம், பூசாரி, பங்காளிகள், பிழைப்புக்காக அவர்கள் குடியேறிய ஊர்கள் என்று வகையறா வகையறாவாகப் பெயர்கள் இருக்கும். மழையை நம்பி வாழ்ந்து, அது பொய்த்தபோது வெளியூர் போன குடும்பங்களின் வரலாறு அது. ஆவணக் காப்பகங்களில் தேடினால் கிடைக்காது. எங்களைப் போன்ற சின்னக் கடைகளின் டிஸ்கில் கிடக்கிறது.

சக டிடிபி நண்பர்களே, பழைய சிபியுவை எடைக்குப் போடுமுன் டிஸ்க்2விஹெச்டி போன்ற கருவியால் அதன் டிஸ்கை அப்படியே நகலெடுத்துவிடுங்கள். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாக இரண்டு இடத்தில் வையுங்கள். நேரம் கிடைக்கும்போது பெயர்ப் பட்டியல்களையாவது யூனிகோடுக்கு மாற்றுங்கள்.